மூன்று பிள்ளைகளுக்கும் ஐந்துக்கு இரண்டு

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரே காட்சிதான். விடைத்தாளைத் திருத்தி, மொத்தம் போட்டு, மதிப்பெண் பதிவேட்டில் ஏற்றி, எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிந்து, பிள்ளைகளிடம் கொடுத்து வீட்டில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி, திரும்ப வாங்கி, சணல் போட்டுக் கட்டி பீரோ மேலே தூக்கி வைத்துவிடுவோம். பதிவேட்டில் ஏறுவது ஒரு பாடத்துக்கு, ஒரு பிள்ளைக்கு, ஒரே ஒரு எண். அதிலிருந்து வகுப்புச் சராசரி, அப்புறம் தேர்ச்சி விழுக்காடு, அதை வைத்துப் பள்ளிக்கு ஒரு பெயர். ஒரே ஆசிரியரிடம் ஒரே புத்தகத்தைப் படிக்கும் பிள்ளைகளில் சிலர் மளமளவென்று மேலே போகிறார்களே, சிலர் இரண்டு வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கிறார்களே, ஏன் என்று அந்த எண்ணிடம் கேட்டால் பதில் வராது. பதில் பீரோ மேலே இருக்கிற கட்டுக்குள் கிடக்கிறது.

நான் கணக்கு ஆசிரியர். ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் ஒரு கழித்தல் டெஸ்ட் வைப்பது வழக்கம். போர்டில் ஐந்து கணக்கு எழுதிப்போடுவேன். முதல் இரண்டும் கடன் வாங்கத் தேவையில்லாதவை. மற்ற மூன்றிலும் மேலே உள்ள எண்ணின் நடுவில் சைபர் நிற்கும், 402-லிருந்து 178-ஐக் கழிப்பது போல. ஒரு வருடம் மூன்று பிள்ளைகள் ஐந்துக்கு இரண்டு வாங்கியிருந்தார்கள். மூவரையும் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன், அன்றைக்கு அடுத்த பீரியட் வகுப்பு இல்லாததால் மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதல் பையன் 402-178-க்கு 376 என்று எழுதியிருந்தான். கூப்பிட்டுக் கேட்டேன். “ரெண்டுல எட்டு போகாது சார், அதான் எட்டுல ரெண்டக் கழிச்சேன்” என்றான், துளி சந்தேகமில்லாமல். அடுத்த இடத்தில் சைபரில் ஏழு போகாது, அதனால் ஏழு. நாலில் ஒன்று போனால் மூன்று. எந்த இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழி என்று தனக்குத்தானே ஒரு விதி வைத்துக்கொண்டு, அதைக் கொஞ்சமும் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறான். இரண்டாவது ஒரு பெண், அவள் விடை 324. இவளுக்குக் கடன் வாங்கத் தெரிகிறது. இரண்டைப் பன்னிரண்டாக்கினாள், சைபரை ஒன்பதாக்கினாள், ஆனால் கடன் கொடுத்த நாலை மூன்றாகக் குறைக்கவில்லை; மூன்று கணக்கிலும் அதே இடத்தில்தான் வழுக்கியிருக்கிறாள். மூன்றாவது பையன் 284 என்று எழுதியிருந்தான், அது எங்கிருந்து வந்தது என்று ரொம்ப நேரம் எனக்குப் பிடிபடவில்லை. அப்புறம் பார்த்தால் கணக்கையே 462-178 என்று எழுதியிருக்கிறான். 462-க்கு அவன் போட்ட விடை சரி. சைபரும் ஆறும் கடைசி பெஞ்சிலிருந்து அவன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கின்றன, அதனால்தான் சைபர் வந்த மூன்று கணக்கும் போச்சு.

முதல் பையனுக்கு இட மதிப்பு புரியவேயில்லை, அவனோடு குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிப் பிரித்து இரண்டு வாரம் உட்கார வேண்டும். இரண்டாவது பெண்ணுக்குப் பத்து நிமிடம் போதும். மூன்றாவது பையனுக்குத் தேவை கண்ணாடி. மூவரையும் ஒரே சிறப்பு வகுப்பில் உட்காரவைத்து ஒரே கழித்தலைத் திரும்ப நடத்தியிருந்தால், அந்தப் பெண் சலித்துப்போயிருப்பாள், கடைசி பெஞ்சுப் பையனுக்கு ஒரு பலனும் இருந்திருக்காது, எனக்கும் “எவ்வளவு சொன்னாலும் ஏறலை” என்ற எண்ணம்தான் மிஞ்சியிருக்கும்.

தரவு என்றதும் நம் ஆட்களுக்குக் கம்ப்யூட்டரும் வண்ண வண்ண வரைபடமும் ஞாபகத்துக்கு வருகின்றன. கட்டம் போட்ட நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் பிள்ளைகள் பெயர், மேலே கேள்வி எண், உள்ளே டிக் அல்லது பெருக்கல் குறி. இதையே ஜப்பானில் தகாஹிரோ சாட்டோ என்பவர் 1970-களில் ஒரு முறையாக வகுத்தார், எஸ்-பி (ஸ்டூடண்ட்-ப்ராப்ளம்) அட்டவணை என்று பெயர். அதிக மதிப்பெண் எடுத்த பிள்ளையில் தொடங்கி மேலிருந்து கீழாகப் பெயர்களை வரிசைப்படுத்த வேண்டும், நிறையப் பேர் சரியாகப் போட்ட கேள்வியில் தொடங்கி இடமிருந்து வலமாகக் கேள்விகளை வரிசைப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் டிக் எல்லாம் இடப்பக்க மேல் மூலையில் போய்ச் சேர்ந்துகொள்ளும், தப்பெல்லாம் வலப்பக்கக் கீழ் மூலைக்குப் போய்விடும். பார்க்க வேண்டியது இடம் மாறி நிற்கிற குறிகளைத்தான். நன்றாகப் படிக்கிற பெண் எல்லோரும் போட்ட சுலபமான கேள்வியைத் தவறவிட்டிருந்தால் அவளிடம் ஒரு தவறான புரிதல் ஒளிந்திருக்கலாம், அல்லது அந்தப் பாடம் நடந்த நாளில் அவள் வராமல் இருந்திருக்கலாம். சுலபமானதையெல்லாம் விட்ட பையன் கடினமான ஒன்றைப் போட்டிருந்தால், பார்த்து எழுதியிருக்கிறானா, அல்லது அவனுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நம் கண்ணில் படாமல் இருக்கிறதா என்று கேட்டுப்பார்க்க வேண்டும். ஒரு கேள்வியின் கீழே வரிசை முழுக்கப் பெருக்கல் குறியாக இருந்தால் பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. ஒன்று கேள்வி தப்பு, இல்லை நான் நடத்திய விதம் தப்பு.

சரி, ஒரு பள்ளிக்குள் வித்தியாசம் எவ்வளவு பெரிதாக இருக்கும்? நாம் நினைப்பதைவிட ரொம்பப் பெரிது. அமெரிக்காவில் 1966-ல் ஜேம்ஸ் கோல்மன் குழு சுமார் 4,000 பள்ளிகளில் 6 லட்சம் மாணவர்கள் வரை வைத்து நடத்திய ஆய்விலேயே, பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிட ஒரே பள்ளிக்குள் பிள்ளைகளிடையே இருக்கும் வித்தியாசம்தான் பெரிது என்பது தெரிந்துவிட்டது. நம் நாட்டுக்கு வந்தால், தில்லியில் 2015-ல் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிக் கற்றலை வைத்து கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஜாண்ட்ரோ கனிமியன் மூவரும் செய்த ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். அதைவிட முக்கியமான சேதி இன்னொன்று. ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குள்ளேயே ஐந்தாறு வகுப்பு அளவுக்கு இடைவெளி இருந்தது. கூடுதல் உதவி எதுவும் கிடைக்காமல் வழக்கமான பள்ளிக்கு மட்டும் போன பிள்ளைகளில், கடைசி மூன்றில் ஒரு பங்கினர் அந்த ஆய்வுக் காலம் முழுக்க ஏறக்குறைய முன்னேறவே இல்லை. தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், நோட்டில் எழுதியிருக்கிறார்கள், ஒன்றும் உள்ளே போகவில்லை.

கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் ஏசர் ஆய்வின் 2024 அறிக்கையில், நாட்டின் கிராமப்புற அரசுப் பள்ளி ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 44.8 விழுக்காட்டினர் இரண்டாம் வகுப்புப் பாடப் பகுதியை வாசித்தார்கள். வாசிக்க முடியாத மீதிப் பேர் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. அந்தச் சோதனையில் எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று படிகள் உண்டு. ஒரு பிள்ளை பத்தி வரை வந்து கதையில் தடுமாறும், ஒரு பிள்ளைக்கு எழுத்தே கூடவில்லை. விழுக்காடு இருவரையும் ஒரே பக்கம் தள்ளிவிடுகிறது, வகுப்பாசிரியர் அப்படித் தள்ள முடியாது.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லித் தருகிறோம், ஆனால் ஆசிரியர் கூட்டத்தில் மறந்துபோகிறோம். ‘அ’ பிரிவில் எல்லோரும் 50-க்கும் 60-க்கும் நடுவில், ‘ஆ’ பிரிவில் பாதிப் பேர் 30, பாதிப் பேர் 80. இரண்டுக்கும் சராசரி 55 வந்து நிற்கும். இரண்டும் வேறு வேறு வகுப்பு, வேறு வேறு வேலை.

தேர்ச்சி விழுக்காடு இன்னும் மோசம். பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் தேர்ச்சி என்றால், ஜனவரிக்கு மேல் பள்ளியின் மொத்தக் கவனமும் 25-லிருந்து 34 வரை நிற்கும் பிள்ளைகள்மேல் குவியும். அவர்களுக்கு மினிமம் மெட்டீரியல் என்கிற சுருக்கக் குறிப்பு, மாலை வகுப்பு, சுண்டல் எல்லாம் கிடைக்கும். 8 மதிப்பெண் எடுப்பவனைத் தேற்ற முடியாது என்று விட்டுவிடுவார்கள். 62 எடுக்கிற பெண் 85-க்குப் போக முடியும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, அவள்தான் பாஸ் ஆயிற்றே. இதைச் செய்கிற ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை, நானும் செய்திருக்கிறேன். எதை எண்ணுகிறார்களோ அதற்குத்தான் உழைப்பு போகும். சிகாகோ நகரப் பள்ளிகளைப் பற்றி டெரெக் நீல், டயான் ஷான்சென்பாக் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்விலும் இதேதான்: தேர்ச்சிக் கோட்டை வைத்துப் பள்ளிகளை மதிப்பிடத் தொடங்கியபின் நடுவில் இருந்த பிள்ளைகள் ஏறினார்கள், அடிமட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை.

அதனால் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்பதோடு, எங்கிருந்து கிளம்பி அங்கே வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2016 முதல் புழக்கத்துக்கு வந்த ‘புரோகிரஸ் 8’ அளவீடு இந்த யோசனைதான், தொடக்கப் பள்ளி முடிக்கும்போது ஒரே நிலையில் இருந்த பிள்ளைகளோடு ஒரு மாணவரை ஒப்பிட்டுப் பார்ப்பது. நம் பள்ளிக்குள் அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம், ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். காலாண்டில் 60, அரையாண்டில் 55 என்றால் ஒரு பெண் இறங்கிவிட்டாள் என்று அர்த்தமா? காலாண்டில் வகுப்புச் சராசரி 62, அரையாண்டில் கேள்வித்தாள் கடினமாக வந்து சராசரி 51 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக்கு இரண்டு கீழே இருந்தவள் நான்கு மேலே வந்திருக்கிறாள். திட்டு வாங்க வேண்டியவள் இல்லை, தட்டிக்கொடுக்க வேண்டியவள். இரண்டு தேர்வின் மதிப்பெண்ணை நேருக்கு நேர் கழித்துப் பார்ப்பதற்கு முன்னால் வகுப்புச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது. எல்லோருக்கும் மதிப்பெண் நெருக்கமாக வந்த தேர்வா, பரந்து கிடந்த தேர்வா என்பதையும் ஒரு கண் பார்த்துவிட வேண்டும்.

இதில் நான் விழுந்த குழி ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் காலாண்டில் கடைசியாக வந்த பத்துப் பேரைப் பிடித்து இரண்டு மாதம் காலையில் அரை மணி நேரம் முன்னதாக வரச் சொல்லி வகுப்பு எடுத்தேன். அரையாண்டில் பத்தில் ஏழு பேர் ஏறியிருந்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஒரு நாள் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். சிறப்பு வகுப்பு எதுவும் எடுக்காத முந்தைய இரண்டு வருடங்களிலும் காலாண்டில் கடைசியாக வந்தவர்களில் பெரும்பாலோர் அரையாண்டில் ஏறித்தான் இருந்தார்கள். காரணம் எளிது. ஒரு தேர்வில் அடிமட்டத்துக்குப் போகிறவர்களில் சிலர் நிஜமாகவே பின்தங்கியவர்கள், சிலர் அன்றைக்குக் காய்ச்சலோடு வந்தவர்கள், சிலர் படித்த பாடத்தில் கேள்வி வராதவர்கள். அடுத்த முறை காய்ச்சல் இருக்காது, மதிப்பெண் தானாக ஏறும். மேலே இருப்பவர்கள் இதே காரணத்தால் கொஞ்சம் இறங்குவார்கள். புள்ளியியலில் இதற்குச் சராசரியை நோக்கித் திரும்புதல் என்று பெயர். என் வகுப்பு வீண் என்று சொல்லவில்லை, எவ்வளவு என் வகுப்பால் வந்தது என்பதை அந்த ஒரு ஏற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. அன்றிலிருந்து ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு கட்ட மூன்று தேர்வாவது பார்ப்பதென்று வைத்திருக்கிறேன். சின்னப் பள்ளிகளில் இது இன்னும் முக்கியம். வகுப்பில் 12 பேர்தான் என்றால் ஒரே ஒரு பிள்ளை தவறினாலே விழுக்காடு எட்டுக்கு மேல் சரியும், அதை வைத்துத் தலைமை ஆசிரியரிடம் விளக்கம் கேட்பது எந்த வகையில் நியாயம்?

வருகைப் பதிவேடு என்றொரு புதையல் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை வருடத்துக்கு 220 வேலை நாள். அமெரிக்காவில் பல மாநிலங்களில் பத்தில் ஒரு பங்கு நாள் வராவிட்டாலே கவனிக்க வேண்டிய பிள்ளை என்று கொள்கிறார்கள், நம் கணக்கில் அது 22 நாள். மாதத்துக்கு இரண்டு, மூன்று நாள் லீவு, கேட்டால் பெரிதாகவே தெரியாது. ஆனால் மொத்த நாளைவிட எந்த நாள் என்பது முக்கியம். எப்போதும் திங்கட்கிழமை வராத பிள்ளை, அம்மா வேலை பார்க்கிற ஊருக்குப் போய் ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்ப முடியாத பிள்ளையாக இருக்கலாம். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய் மூன்று வாரம் கழித்து வந்த பையன், பின்னம் அறிமுகமான மூன்று வாரத்தைத்தான் விட்டிருக்கிறான் என்றால், அதற்கப்புறம் விகிதம், சதவீதம், வட்டி என எல்லாவற்றிலும் அவன் தடுமாறுவதற்கு அவன் மூளை காரணமில்லை. மதிப்பெண் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் ஒரே மேசையில் திறந்து வைத்தால் பத்து நிமிடத்தில் இது தெரிந்துவிடும். இரண்டும் வேறு வேறு பீரோவில் இருப்பதுதான் பிரச்சினை.

பாடம் விட்டுப் பாடம் பார்ப்பதும் அப்படித்தான். எண்களாகக் கொடுத்தால் கணக்கைப் போட்டுவிட்டு, வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் அப்படியே விட்டுவிடுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். தமிழ் ஆசிரியரிடம் கேட்டால் “அவன் வாசிக்கவே திணறுவான் சார்” என்பார். அவனுக்கு நான் எத்தனை கணக்கு சொல்லிக்கொடுத்தாலும் பலன் குறைவு. அவனுக்கு வேண்டியது வாசிப்பு.

இதெல்லாம் பதிவேட்டில் இருக்கும் எண் உண்மையாக இருந்தால்தான். முப்பருவ முறையில், பருவம் முழுக்க வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவுத் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அந்த 40-க்கு வகுப்பு முழுக்க 36, 37, 38 என்று போட்டு வைத்திருந்தால் அதில் தரவே இல்லை, வெறும் மை. ஏன் அப்படிப் போடுகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான்: குறைத்துப் போட்டால் விளக்கம் எழுத வேண்டும். மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை அதட்டுகிற இடத்தில் மதிப்பெண் உண்மை பேசாது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் 2009 தேர்வில் நடந்ததைப் பற்றி 2011-ல் வந்த விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் விடைகளைத் திருத்தி எழுதும் மோசடியில் ஈடுபட்டதாகச் சொன்னது. அங்கே வருடா வருடம் மதிப்பெண் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஏறிய மதிப்பெண்ணால் யார் நட்டப்பட்டார்கள்? உதவி தேவைப்பட்ட பிள்ளை தேறிவிட்டது என்று தாளில் காட்டியதால் அந்த உதவி அதற்குக் கிடைக்காமலே போனது.

நிலையறிந்து கற்பித்தால் பலன் உண்டா என்பதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சான்று இருக்கிறது. அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட இழப்பு பெரிது, தமிழைவிடக் கணக்கில் இரண்டு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய, பள்ளி நேரத்துக்குப் பின் தன்னார்வலர்கள் பாடம் நடத்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் மட்டும் இந்த மீட்சியில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் இழந்தார்கள், அவர்களே வேகமாகவும் மீண்டார்கள். எனக்கு இந்த ஆய்வில் ரொம்பப் பிடித்த சேதி இதுதான்.

2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்தார்கள். யோசனை நல்லது, பெயரும் அழகு. ஆபத்து ஒன்றுதான்: ஜூனில் அரும்பில் உட்கார்ந்த பிள்ளை மார்ச்சிலும் அரும்பிலேயே இருந்தால், மற்ற பிள்ளைகள் அதைப் பட்டப்பெயராக்கிவிடுவார்கள், பிள்ளையும் நம்பிவிடும். குழு என்பது கழித்தலுக்கு ஒன்று, வாசிப்புக்கு ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும், நாலைந்து வாரத்துக்கு ஒரு தடவை கலைத்து அடுக்க வேண்டும். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாதவன் வடிவியலில் வகுப்பிலேயே முதலாக வருவதை நான் பார்த்திருக்கிறேன். பட்டியலைச் சுவரில் ஒட்டுவதும், பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணை உரக்க வாசிப்பதும் கூடவே கூடாது.

பெற்றோர் கூட்டம் என்றதும் அந்த 324 எழுதிய பெண்ணின் அம்மா நினைவுக்கு வருகிறார். “கணக்குல வீக்குன்னு போன வருஷமும் சொன்னாங்க சார்” என்று தொடங்கினார், டியூஷன் போட வசதியில்லை என்று சொல்லத் தயாராக வந்திருந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. தாளைத் திருப்பி வைத்துக் காட்டினேன். “வீக்கெல்லாம் இல்லைம்மா. இந்தச் சைபருக்குக் கடன் கொடுத்த நம்பரைக் குறைக்க மறந்துடுறா, அவ்வளவுதான். ராத்திரி நாலு கணக்கு போடச் சொல்லுங்க, மூணாவது நாள் நான் பாத்துக்கறேன்” என்றேன். “அது போதுமா சார்?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு பையிலிருந்து ரேஷன் கடை பில் ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் அந்த நாலு கணக்கையும் எழுதித் தரச் சொன்னார்.